சும்மா கொடுத்தால் யாருக்கு லாபம்?

மாணவச் செல்வங்களே, உங்கள் பாடப்புத்தகத்தைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். பாடத்தின் ஓரத்தில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு சின்னச் சதுரம் இருக்கிறதல்லவா? 2018-ல் தமிழ்நாட்டில் புதிய பாடப்புத்தகங்கள் வந்தபோது கூடவே வந்த க்யூஆர் கோடு அது. செல்போனை அதன் மேல் காட்டினால் பாடம் படமாக ஓடும். புத்தகம் கிழிந்து போனாலும் கவலையில்லை. முழுப் புத்தகத்தையும் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். 2023-ல் பள்ளிக் கல்வித்துறை 'மணற்கேணி' என்று ஒரு செயலியும் வெளியிட்டது. எதற்கும் காசு கிடையாது.

எங்கள் லால்குடி கடைவீதியில் மளிகைக்கடை வைத்திருப்பவர் என்னிடம் படித்த மாணவர். அவருடைய மகன் எட்டாம் வகுப்பு. என்னைக் கண்டதும், "வாத்தியார் தாத்தா, இதையெல்லாம் செய்யப் பணம் செலவாகியிருக்குமே? சும்மா கொடுத்தால் அவங்களுக்கு என்ன லாபம்?" என்று கேட்டான். கடைக்காரர் வீட்டுப் பிள்ளை! கேள்வி அப்படித்தான் வரும். ஆனால் நல்ல கேள்வி.

அரசு கொடுப்பதற்குப் பதில் சுலபம். அது நம் வரிப்பணம். உன் அப்பா கடையில் விற்கிற சோப்புக்குள்ளும் வரி இருக்கிறது. ஏற்கெனவே நாம் காசு கொடுத்துவிட்ட பாடத்துக்கு இன்னொரு தடவை விலை கேட்கலாமா?

அரசு இல்லாமல், தனி மனிதர்கள் ஏன் கொடுக்கிறார்கள்? அதற்கு நம் திருச்சிக்கே, ஏறக்குறைய 190 வருஷம் பின்னால் போக வேண்டும்.

அப்போது மீனாட்சிசுந்தரம் என்று ஓர் இளைஞர் இருந்தார். 1815-ல் பிறந்தவர். அவருக்குத் தண்டியலங்காரம் படிக்க ஆசை. உவமையணி, உருவக அணி என்று வகுப்பில் படிக்கிறீர்களே, அந்த அணிகளைச் சொல்லும் இலக்கண நூல் அது. அச்சுப் புத்தகங்கள் அரிதாக இருந்த காலம். திருச்சியில் பிச்சை எடுத்துச் சாப்பிடும் ஒரு பரதேசிக்கு அந்த நூல் நன்றாகத் தெரியும். ஆனால் லேசில் யாருக்கும் சொல்லித் தரமாட்டார். நம் மீனாட்சிசுந்தரம் என்ன செய்தார் தெரியுமா? அவர் பிச்சைக்குப் போகும் தெருவெல்லாம் கூடவே நடந்தார். அவர் மனம் கோணாமல் நடந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பாடம் கேட்டார். ஒரே ஒரு புத்தகத்துக்காக!

அவர்தான் பிற்பாடு மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. பட்ட கஷ்டத்தை மறக்கவில்லை. தேடி வந்த பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் பாடம் சொன்னார், சோறும் போட்டார். கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் அவரிடம் படித்தார்கள். அப்படிப் படித்த ஒருவர்தான் உ.வே.சாமிநாதையர். ஓலைச்சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்து, சிலப்பதிகாரத்தையும் மணிமேகலையையும் அச்சில் கொண்டுவந்தாரே, அவரேதான். ஆசிரியரின் வாழ்க்கை வரலாற்றை எழுதி, இந்தக் கதையை நமக்குச் சொன்னவரும் அவரே.

இன்று அதே தண்டியலங்காரம் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் இணைய நூலகத்தில் இருக்கிறது. யார் பின்னாலும் நடக்க வேண்டாம்.

அரசு உதவியை எதிர்பார்க்காமல் இதே வேலையைச் செய்தவர்களும் உண்டு. 1998 பொங்கலன்று 'மதுரைத் திட்டம்' தொடங்கியது. பெயரில்தான் மதுரை. நடத்தியவர்களில் கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தில், குமார் மல்லிகார்ஜுனன் அமெரிக்காவில்! பல நாட்டுத் தமிழர்கள் சம்பளம் இல்லாமல் பழைய நூல்களைத் தட்டச்சு செய்தார்கள். ஒருவர் அடிப்பார், இன்னொருவர் பிழை பார்ப்பார்.

பிழை என்றதும் என் கதை ஞாபகம் வருகிறது. சொல்ல வெட்கம்தான்.

நான் வேலை பார்த்த காலத்தில் சமூக அறிவியலுக்குக் கேள்வி-பதில் எழுதி, ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைல் எடுத்து வைத்திருப்பேன். என் வகுப்புக்கு மட்டும்தான். பக்கத்து வகுப்பு ஆசிரியர் கேட்டால்கூடப் பீரோ சாவியைத் தேடுகிற மாதிரி நடிப்பேன். 'நான் ராத்திரி கண்விழித்து எழுதியது, அவருக்கு ஏன்?' என்ற எண்ணம். ஓய்வு பெற்ற பிறகு ஓர் இளம் ஆசிரியை அதைக் கேட்டு வாங்கி, செல்போனில் படம் பிடித்து, ஆசிரியர்கள் பலருக்கு அனுப்பினார். இரண்டே நாளில் வேறு மாவட்டத்து மாணவி ஒருத்தியிடமிருந்து செய்தி: "மேட்டூர் அணை கட்டி முடித்தது 1934. சார் 1943 என்று எழுதியிருக்கிறார்."

எத்தனை பிள்ளைகள் என் வகுப்பில் 1943 என்றே மனப்பாடம் செய்தார்களோ! பூட்டி வைத்ததால் என் உழைப்பு மட்டுமா பத்திரமாக இருந்தது? என் தப்பும்தான்.

எங்கள் பக்கம் வாழை அதிகம். தாரைக் கொடுத்தால் நம்மிடம் தார் இருக்காது. ஆனால் பக்கக்கன்றைக் கொடுத்தால் நம் தோட்டமும் இருக்கும், பக்கத்து வயலிலும் வாழை நிற்கும். பாடம் பக்கக்கன்று மாதிரி.

அப்படியானால் எழுதிப் பிழைப்பவர் சாப்பாட்டுக்கு என்ன செய்வார்? இதையும் கேட்கத்தான் வேண்டும். நம் நாட்டுச் சட்டப்படி, எழுதியவர் இறந்து 60 ஆண்டு வரை நூலின் உரிமை பொதுவாக அவர் குடும்பத்துக்கு. பாரதியார் பாடல்களுக்கு அதுவரை காத்திருக்கவில்லை. குடும்பத்தாருக்குத் தொகை கொடுத்து, 1949-ல் சென்னை மாகாண அரசு உரிமையை வாங்கியது. பிறகு அது மக்கள் சொத்தாயிற்று. 'நாட்டுடைமை' என்பது இதுதான். அதன்பின் எத்தனையோ எழுத்தாளர்களின் நூல்கள் அப்படி நாட்டுடைமை ஆகியிருக்கின்றன. ஆகவே, கடையில் விற்கிற கைடைப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்புவது பகிர்வு ஆகாது, பிள்ளைகளே. உரியவர் மனமொப்பிக் கொடுக்க வேண்டும்.

இன்னொன்றும் உறுத்துகிறது. இணையத்தில் இருந்தால் எல்லோருக்கும் கிடைத்துவிட்டதா? பல வீடுகளில் ஒரே ஒரு போன். அது அப்பாவோடு வேலைக்குப் போய், பிள்ளை தூங்கிய பிறகு திரும்பி வரும். 2020-ல் கொரோனாவுக்காகப் பள்ளிகளை மூடியபோது இதை நேரிலேயே பார்த்தோம். இலவசப் பாடத்தை அச்செடுத்து வகுப்பில் தொங்கவிட்டால் போன் இல்லாத பிள்ளையும் படிக்கும். அப்படி அச்செடுக்கவும் யாரிடமும் அனுமதி கேட்டு நிற்க வேண்டாம் என்றால் எவ்வளவு சௌகரியம்!

மளிகைக்கடைப் பையனிடம் இவ்வளவும் சொன்னேன். லாபக் கணக்கு அவனுக்குத் திருப்தியா தெரியவில்லை. ஆனால் மறுநாள் சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டான். என் டிரங்குப் பெட்டியில் மிச்சமிருக்கும் கேள்வி-பதில்களைத் தட்டச்சு செய்து தருகிறானாம். ஒரு நிபந்தனை மட்டும் போட்டான்: "ஒவ்வொரு வருஷத்தையும் புத்தகத்தோட ஒத்துப் பார்த்துட்டுத்தான் அடிப்பேன், தாத்தா!"