சந்தையில் அகப்பட்ட பாட்டு நோட்டு

மாணவ நண்பர்களே, வெள்ளிக்கிழமையன்று பல்லாவரம் சந்தைக்குப் போயிருக்கிறீர்களா? செடி, புறாவிலிருந்து ஓடாத கடிகாரம் வரை அங்கே விற்பனைக்கு வரும். பழைய காகிதக் கட்டு ஒன்றில், ஓர் இசை நாடக ஆசிரியர் தம் கைப்பட எழுதிய பாட்டு நோட்டு உங்களுக்கு அகப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை என்ன செய்வீர்கள்?

'பாட்டுதான் அச்சில் வந்துவிட்டதே, மூலப் பிரதி எதற்கு?' என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு செய்தி. செருபினி என்ற இசையமைப்பாளரின் 'மெதே' என்ற ஓப்பரா (மேலை நாட்டு இசை நாடகம்) 1797-இல் பாரிசில் அரங்கேறியது. அதன் கையெழுத்துப் பிரதியில் ஒரு பாட்டின் கடைசிப் பகுதி கரி பூசி மறைக்கப்பட்டிருந்தது. நாடகம் நீளம் என்ற குறை எழுந்ததால் அவரே பூசினார் என்பர். அந்தக் கால மை எதனால் ஆனது தெரியுமா? நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் மாசிக்காயும் அன்னபேதியும்தான். அன்னபேதியில் இரும்பு இருக்கிறது; கரியிலோ வெறும் கார்பன். எக்ஸ் கதிர் கார்பனை எளிதில் ஊடுருவும். இரும்பு அணுக்கள் மீது பட்டதும், அவை தமக்கே உரிய வேறொரு எக்ஸ் கதிரை வெளிவிடும். 2013-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் விஞ்ஞானிகள் இம்முறையால் மறைந்த பகுதியைப் படித்துவிட்டார்கள். அச்சுப் பிரதியில் எவ்வளவு தேடினாலும் அந்த இரும்பு கிடைக்குமா?

ஆகவே மூலப் பிரதியைச் சேகரிப்பது வீண் ஆசையல்ல. பாடகி போலின் வியார்டோ 1855-இல் மொஸார்ட்டின் 'டான் ஜியோவன்னி' பிரதியை விலை கொடுத்து வாங்கினார்; 1892-இல் பாரிஸ் இசைக்கல்லூரிக்கே கொடுத்துவிட்டார். நம் தியாகராஜரும் 'நௌகா சரித்திரம்', 'பிரகலாத பக்தி விஜயம்' என்ற இசை நாடகங்களைத் தெலுங்கில் இயற்றியவர். அவருடைய சீடர் வாலாஜாப்பேட்டை வேங்கடரமண பாகவதர் வழிவந்த ஏடுகள் மதுரை சௌராஷ்டிர சபையை அடைந்ததால்தான் ஆராய்ச்சிக்குக் கிடைத்தன.

பூட்டி வைப்பதைத்தான் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். வாக்னரின் 'ரியன்சி' உள்ளிட்ட சில பிரதிகள் 1939-இல் ஹிட்லருக்குப் பிறந்த நாள் பரிசாகப் போயின. போர் முடியும் தறுவாயில் வாக்னர் குடும்பத்தார் கேட்டும் அவர் தரவில்லை. 1945-க்குப் பிறகு அவற்றைக் கண்டவர் இல்லை. வாக்னர் எழுதியபடியே 'ரியன்சி'யின் முழு வாத்திய அமைப்பு இன்று நம்மிடம் கிடையாது.

சரி, உங்கள் நோட்டுக்கு வருவோம். அழகான ஒரு பக்கத்தை மட்டும் கிழித்துச் சட்டம் போடாதீர்கள். கிழிசலில் செல்லோ டேப் ஒட்டாதீர்கள். அதன் பசை காலப்போக்கில் காகிதத்தைக் கறையாக்கும். எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து ஒரு நூலகத்திடம் கொடுங்கள். 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபுட் இதே பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். எங்கே, என்றைக்கு என்று குறித்து வைத்ததால்தான் அந்தக் கல் பேசுகிறது. நீங்களும் நோட்டு கிடைத்த இடம், தேதி, விற்றவர் சொன்ன விவரம் ஆகியவற்றைத் தனித்தாளில் பென்சிலால் எழுதி உடன் வையுங்கள்.