படாளத்தில் திரும்பும் பள்ளிப் பேருந்துகள்



அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளிகள் திறந்துவிட்டன. பொங்கலுக்கு முன்னும் பின்னுமாக இனி பள்ளிப் பேருந்துகள் தெற்கே கிளம்பும். கொளவாய் ஏரியைக் கடந்து, பாலாற்றுப் பாலத்தையும் கடந்து, படாளம் கூட்ரோட்டில் வலப்பக்கம் திரும்பினால் வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயம். சென்னை, செங்கல்பட்டுப் பக்கம் படித்தவர்கள் யாரைக் கேட்டாலும், "ஆறாவது படிக்கும்போது கூட்டிப் போனார்கள்" என்பார்கள். அங்கே என்ன பார்த்தீர்கள் என்றால், "நிறையப் பறவை" என்பதோடு பேச்சு நின்றுவிடும். பேருந்தில் பாடிய பாட்டுகள் மட்டும் வரிசை மாறாமல் நினைவில் இருக்கும்.

பாடுவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. புளியோதரைப் பொட்டலமும் இருக்கத்தான் வேண்டும். என் மனக்குறையெல்லாம் நேரத்தைப் பற்றியது. பள்ளியில் கூடி, பெயர் கூப்பிட்டு, வழியில் டிபனுக்கு நிறுத்தி வேடந்தாங்கல் போய்ச் சேர்வதற்குள் வெயில் ஏறிவிடுகிறது. கரையில் வரிசையாக நடக்கிறார்கள், கண்காணிப்புக் கோபுரத்தில் ஏறி இறங்குகிறார்கள், குரூப் போட்டோ எடுக்கிறார்கள், சாப்பிடுகிறார்கள், இரண்டரைக்கு விசில் ஊதிவிடுகிறது. அந்த நேரத்தில் ஏரியில் இருப்பவை பெரும்பாலும் அடைகாக்கும் பறவைகளும் குஞ்சுகளும் காவலுக்கு நிற்பவையும்தான். மற்றவை இரை தேடிப் போயிருக்கும். அவை எங்கே போயின என்று எந்தப் பிள்ளையும் கேட்பதில்லை. கேட்கும்படி யாரும் சொல்லித் தருவதும் இல்லை.

வேடந்தாங்கலைப் புரிந்துகொள்ள இந்தக் கேள்வி ஒன்றே போதும். அந்த ஏரி மிகச் சிறியது, சுமார் 30 ஹெக்டேர்தான். அங்கே கூடும் ஆயிரக்கணக்கான பறவைகளுக்கும் அவற்றின் குஞ்சுகளுக்கும் அந்த ஒரு ஏரியின் மீன் எத்தனை நாளைக்கு வரும்? பறவைகள் அங்கே வருவது முதன்மையாகத் தங்கவும் கூடு கட்டவும்தான். தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் கூடு வைத்தால் பூனையும் நரியும் எளிதில் நெருங்க முடியாது. சாப்பாடு சுற்றியுள்ள ஏரிகளிலும் குட்டைகளிலும் நெல்வயல்களிலும் இருக்கிறது. ஏரியை மட்டும் பார்த்துவிட்டு வருவது, ஒரு வீட்டுக்குப் போய்ப் படுக்கையறையை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு அடுப்படிப் பக்கமே போகாமல் திரும்புவதற்குச் சமம்.

நத்தைகுத்தி நாரையையே எடுத்துக்கொள்ளுங்கள். மூடினாலும் அதன் அலகு நடுவில் ஒரு இடைவெளியோடுதான் இருக்கும். குஞ்சுக்கு அந்த இடைவெளி கிடையாது, வளர வளரத்தான் உண்டாகும். வயலில் கிடக்கும் நத்தையைப் பிடித்து, ஓட்டுக்குள்ளிருந்து சதையை உருவி எடுப்பதில் அதற்கு ஈடு இல்லை. நவரைப் பட்டத்துக்குச் சேடை ஓட்டும் வயலில் டிராக்டருக்குப் பின்னாலேயே கொக்குகளும் நாரைகளும் நடப்பதைச் செங்கல்பட்டுப் பக்கத்து விவசாயிகள் தினமும் பார்க்கிறார்கள். அந்த வயலில் என்ன மருந்து அடிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது, மரத்தில் இருக்கும் குஞ்சின் பிழைப்பு. கோபுரத்தின் மேலே நின்று எத்தனை முறை பைனாகுலரைத் திருப்பினாலும் இந்தச் செய்தி கண்ணில் படாது. வரப்பில் அரை மணி நேரம் நின்றால் தெரிந்துவிடும்.

கூட்டிப் போகும் ஆசிரியர்களுக்கு இன்னொரு வேண்டுகோள். "இவையெல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்த பறவைகள்" என்று மொத்தமாகச் சொல்லாதீர்கள். நீலச்சிறகி, ஊசிவால் வாத்து போன்றவை வடக்கே வெகுதூரத்திலிருந்து வருபவைதான். ஆனால் அவை இங்கே கூடு கட்டுவதில்லை. குளிர்காலத்தைக் கழித்துவிட்டுத் திரும்பிப் போய்த்தான் முட்டையிடும். மரத்தில் குஞ்சு பொரிக்கும் நத்தைகுத்தி, கூழைக்கடா, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், பாம்புத்தாரா, நீர்க்காகம் எல்லாம் இந்த மண்ணின் பறவைகள். மழை பெய்து ஏரி நிறைந்தால் வருகின்றன. பொய்த்தால் வேறு நீரைத் தேடிப் போகின்றன. சைபீரியா என்றதும் பிள்ளைகள் கண்ணை அகல விரிப்பார்கள், அது உண்மைதான். அதற்காக நம் ஊர்ப் பறவையை அயலூருக்கு அனுப்பிவிடலாமா?

ஊரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல பள்ளிகள் ஊருக்குள் காலே வைப்பதில்லை, நுழைவுச்சீட்டு வாங்கும் இடத்திலிருந்து நேரே கரைக்குப் போய்விடுகின்றன. அந்த ஊர்க்காரர்கள் இல்லாவிட்டால் சரணாலயமே இல்லை. துப்பாக்கியோடு வந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊரார் போய் முறையிட்டார்கள். அப்போது செங்கல்பட்டில் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், இங்கே பறவைகளைச் சுடக்கூடாது என்று கவுல் என்னும் உரிமைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். அது 1798-ஆம் ஆண்டு என்பார்கள். 1858-இல் அந்த உரிமை மறுபடி உறுதி செய்யப்பட்டது. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972-இல்தான் என்பதை நினைத்தால், இந்த ஊர் எவ்வளவு முந்திக்கொண்டது என்பது விளங்கும்.

ஊரார் இதை வெறும் இரக்கத்தினால் செய்ததாக நான் நினைக்கவில்லை. பறவைகளின் எச்சம் விழுந்து விழுந்து ஏரித் தண்ணீரே உரமாகிவிடுகிறது. அந்தத் தண்ணீர் பாயும் வயலுக்குத் தனியாக அதிகம் உரம் போட வேண்டியதில்லை என்பது அவர்களுடைய அனுபவம். பறவைக்கு வயலில் இரை, வயலுக்குப் பறவையிடமிருந்து எரு. ஆறாம் வகுப்புப் புத்தகத்தில் அம்புக்குறி போட்டு விளக்கும் பாடம் இங்கே வாய்க்காலில் ஓடிக்கொண்டிருக்கிறது. தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதையும் இவர்கள் தவிர்த்து வருகிறார்கள். டீக்கடைப் பெரியவர் ஒருவரைப் பத்து நிமிடம் பேசச் சொல்லிப் பிள்ளைகளைக் கேட்க வைத்தால், வழிகாட்டிப் பலகை சொல்லாததையெல்லாம் அவர் சொல்லிவிடுவார்.

1998-இல் அரசு இந்தச் சரணாலயத்தை அறிவித்தபோது ஏரியோடு நிறுத்தாமல் சுற்றி 5 கிலோமீட்டர் வட்டத்தையும் சேர்த்தது இதனால்தான் பொருத்தமாகிறது. அந்த வட்டத்துக்குள் வயல் இருக்கிறது, குளம் இருக்கிறது, ஊர் இருக்கிறது. 2020-இல் வட்டத்தைச் சுருக்கும் யோசனை வந்தபோது பலத்த எதிர்ப்பு எழுந்தது. 2022-இல் வேடந்தாங்கலும் அருகிலுள்ள கரிக்கிலியும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன. எட்டாம் வகுப்புக்கு மேலே படிக்கும் பிள்ளைகளாக இருந்தால், வரைபடத்தைக் கையில் கொடுத்து அந்த 5 கிலோமீட்டருக்குள் என்னென்ன இருக்கிறது என்று குறிக்கச் சொல்லலாம். வாக்குவாதம் கிளம்பும். கிளம்பட்டும்.

"நூறு பிள்ளைகளைக் கட்டி மேய்ப்பதே பெரிய பாடு, இதில் எங்கே இயற்கையைக் கற்றுத் தருவது?" என்று ஆசிரியை ஒருவர் எழுதியிருந்தார். நியாயம்தான். நூறு பேரை ஒரே நாளில் அழைத்துப் போக வேண்டாம் என்பதே என் முதல் பதில். முடியாதென்றால், நான்கைந்து பேருக்கு ஒரு மரம் என்று பிரித்துவிடுங்கள். அந்த மரத்தை மட்டும் இருபது நிமிடம் பார்க்கட்டும். பறந்து வரும் பறவையின் அலகில் இருப்பது குச்சியா இரையா? மரத்தின் உச்சிக்கிளையில் யார், அடிக்கிளையில் யார்? கூழைக்கடாக் குஞ்சு தாயின் தொண்டைப் பைக்குள் தலையை விட்டு என்ன செய்கிறது? நீர்க்காகம் ஏன் இறக்கையை விரித்தபடி வெயிலில் நிற்கிறது? பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, படம் வரையட்டும். ஆசிரியருக்கும் எல்லாப் பெயரும் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. புறப்படும் முன் மா. கிருஷ்ணனின் 'மழைக்காலமும் குயிலோசையும்' தொகுப்பில் இரண்டு கட்டுரைகளைப் படித்துவிட்டுப் போனால், எப்படிப் பார்ப்பது என்பது பிடிபட்டுவிடும்.

சிவப்பும் மஞ்சளுமாக டீ-ஷர்ட் அணிவித்து அழைத்துப் போகாதீர்கள். உடற்பயிற்சி ஆசிரியர் விசிலைப் பள்ளியிலேயே வைத்துவிட்டு வரட்டும். திரும்பி வந்ததும் எல்லோரையும் ஒரே கட்டுரையை எழுத வைக்கும் வழக்கத்துக்கும் இந்த முறை விடுமுறை கொடுத்துவிடலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது மாலை நேரம். நாலரை மணிக்கு மேல்தான் ஏரி விழிக்கிறது. நாலா திசையிலிருந்தும் பறவைகள் திரும்புகின்றன. அரிவாள்மூக்கன்கள் கோடு கோடாக வந்து இறங்கும். இடத்துக்காகச் சண்டை, குஞ்சுகளின் கத்தல், கிளை முறியும் சத்தம். எல்லாம் அடங்கப்போகும் நேரத்தில், பகலெல்லாம் தூங்கிக் கிடந்த வக்காக்கள் ஒவ்வொன்றாக எழுந்து இரைதேடக் கிளம்பும். எந்தத் திசையில் வயல் இருக்கிறது, எந்தத் திசையில் ஏரி இருக்கிறது என்று பகலில் பார்த்துவைத்த பிள்ளைக்கு, எந்தக் கூட்டம் எங்கேயிருந்து வருகிறது என்பது இப்போது புரியும். காலையில் வரப்பு, மதியம் ஊர், மாலையில் ஏரி என்று பயணத்தைத் தலைகீழாகத் திட்டமிட்டுப் பாருங்கள்.

வேடந்தாங்கலுக்கு வர முடியாத தொலைவில் இருப்பவர்களுக்கு நெல்லைச் சீமையில் கூந்தன்குளம் இருக்கிறது, ஈரோட்டுப் பக்கம் வெள்ளோடு இருக்கிறது. அதுவும் முடியாதென்றால் பள்ளிக்குப் பின்னாலுள்ள ஏரி போதும். பேருந்தும் வேண்டாம், பணமும் வேண்டாம். பொங்கல் நாட்களில் தமிழகம் முழுவதும் பறவை ஆர்வலர்கள் நடத்தும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் யாரும் சேரலாம். ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ட பறவைகளை எண்ணிக் குறித்து, இ-பேர்ட் தளத்தில் பதிவேற்றினால் போதும். உங்கள் வகுப்பு போட்ட பட்டியலையும் வரைந்த படங்களையும் எங்களுக்கும் அனுப்புங்கள், அடுத்த இதழில் இரண்டு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த மாதம் பள்ளியிலிருந்து வரும் சுற்றறிக்கையில் 'பேருந்து இரவு எட்டரை மணிக்குத் திரும்பும்' என்று இருந்தால், ஏன் இவ்வளவு தாமதம் என்று போன் போடாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்