மின்சாரம் சாலையோரம் போகட்டும்

பழையசீவரத்தில் எங்கள் நிலத்தைப் பார்க்க வருகிறவர்கள் ஒரு கேள்வி கேட்காமல் போவதில்லை. "நாலு பக்கமும் மரமா வெச்சிருக்கீங்க, நடுவுல மட்டும் ஏன் மொட்டையா விட்டுட்டீங்க?" அண்ணாந்து பார்க்கச் சொல்வேன். மேலே உயரழுத்த மின்கம்பி போகிறது.

அது 230 கிலோவோல்ட் பாதை. இந்த வகைப் பாதைக்கு 35 மீட்டர் அகலம் ஒதுக்குகிறார்கள். என் நிலத்தில் 120 மீட்டர் நீளத்துக்குக் கம்பி ஓடுகிறது. கணக்குப் போட்டால் ஒரு ஏக்கர் நாலு சென்ட். அந்த இடத்தில் என் அப்பா வைத்த 11 தென்னை, இரண்டு நாவல், ஒரு இலுப்பை இருந்தன. எல்லாவற்றையும் வெட்டினார்கள். தென்னைக்கு ஏதோ ஒரு தொகை வந்தது. இலுப்பையைக் கணக்கிலேயே எழுதவில்லை. "அது காட்டு மரம்தானே பெரியவரே" என்றார் அளக்க வந்தவர். எங்கள் மண்ணுக்கு மூடாக்கு கொடுத்த மரம் அது. கொட்டை பொறுக்கி எண்ணெய் ஆட்டிய மரம் அது. அதற்கு அவர் பதிவேட்டில் ஒரு கட்டம் இல்லை.

நெல் மட்டும் போடுகிறவருக்குக் கம்பிக்கு அடியிலும் நெல் விளையும். மரத்தை நம்பிப் பண்ணையம் செய்கிற நமக்குத்தான் முழு அடி. வரப்போரம் மரம் வை, பல அடுக்குச் சாகுபடி செய், உயிர்வேலி போடு என்றுதான் நாம் ஒருவருக்கொருவர் சொல்கிறோம். கம்பிக்குக் கீழே முதலில் போவது மேல் அடுக்கு. அதோடு நிழலும், உதிரும் இலையும் போய்விடும்.

போன பொங்கலுக்கு, பெருமாள் பார்வேட்டைக்கு வந்திருந்த நேரம், கல்லூரியில் படிக்கும் பேரன் கேட்டான். "தாத்தா, கொஞ்சம்கூட வீணாகாம கரண்டு கொண்டு போற கேபிள் வந்துடுச்சு, தெரியுமா? மண்ணுக்கடியிலயே போட்டுடலாம்."

அவன் சொன்னது மீக்கடத்திக் கேபிள். 1911-ல் காமர்லிங் ஓன்ஸ் என்ற டச்சு விஞ்ஞானி பாதரசத்தைக் கடுமையாகக் குளிர வைத்தபோது அதன் மின்தடை அடியோடு மறைந்தது. அவ்வளவு குளிருக்குத் திரவ ஹீலியம் வேண்டும், செலவு தாங்காது. 1987-ல் திரவ நைட்ரஜன் குளிரிலேயே, அதாவது மைனஸ் 196 டிகிரியிலேயே, அப்படி வேலை செய்யும் பொருள் கிடைத்தது. அதன் பிறகுதான் கேபிள் செய்யும் யோசனை கைகூடியது. கம்பியைச் சுற்றி நைட்ரஜன் ஓடும். வெளியே வெப்பம் வராது, மண் சூடாகாது. ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் 2014-ல் ஒரு கிலோமீட்டர் போட்டார்கள். 10,000 வோல்ட்டில் 40 மெகாவாட் கொண்டுபோகும் கேபிள் அது. சீனாவின் ஷாங்காயில் 2021-ல் 1.2 கிலோமீட்டர் போட்டார்கள்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தூரத்தைக் கவனியுங்கள். ஒரு கிலோமீட்டர், ஒன்றேகால் கிலோமீட்டர். வழியில் குளிர்பதன நிலையம் வேண்டும், விலையும் அதிகம். தோண்ட இடமில்லாத பெருநகரத்துக்குத்தான் இப்போதைக்கு அது கட்டுப்படியாகும். பாலாற்றங்கரைக்கு நாளைக்கே வரும் என்று நான் நம்பவில்லை.

வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. சாதாரணப் புதைவடமே நம் பக்கத்திலேயே இருக்கிறது. புகளூரிலிருந்து திருச்சூர் போகும் 320 கிலோவோல்ட் நேர்மின் பாதை 2021 பிப்ரவரியில் தொடங்கி வைக்கப்பட்டது. 2,000 மெகாவாட் கொண்டுபோகும் பாதை. கேரளத்துக்குள் சுமார் 27 கிலோமீட்டர் மண்ணுக்கடியில் கேபிளாகப் போகிறது. தமிழ்நாட்டுப் பக்கம் அதே மின்சாரம் கோபுரத்தில் போகிறது. கொங்குச் சீமை விவசாயிகள் 2018 டிசம்பரில் உயர்மின் கோபுரங்களை எதிர்த்துப் போராடியபோது கேட்டதும் இதைத்தான்: சாலையோரம் புதைவடமாகக் கொண்டு போங்கள்.

மறுதரப்பு சொல்வதிலும் உண்மை உண்டு. 800 கிலோவோல்ட் போன்ற மிகப் பெரிய பாதையை அப்படியே மண்ணில் புதைக்க முடியாது. மாறுதிசை மின்சாரத்தை நெடுந்தூரம் புதைவடத்தில் அனுப்பினால், அந்தக் கேபிளை மின்னேற்றவே அதன் திறனில் பெரும்பகுதி போய்விடும். கேபிளுக்குச் செலவு பல மடங்கு. எல்லாம் சரி. எனக்கும் கரண்டு வேண்டும். என் மோட்டாரும் இலவச மின்சாரத்தில்தான் ஓடுகிறது.

நான் கேட்பது ஒன்றே. கோபுரம் மலிவு என்கிறீர்களே, எந்தக் கணக்கில் மலிவு? 400 கிலோவோல்ட் பாதைக்கு அகலம் 46 மீட்டர். நூறு மீட்டர் ஓடினாலே ஒரு ஏக்கருக்கு மேல் போகிறது. மத்திய மின் அமைச்சகத்தின் 2015 வழிகாட்டுதலில் கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம், கம்பி போகும் வழிக்கு அதிகபட்சம் 15 சதவீதம். 2024 ஜூனில் அதை 200, 30 என்று உயர்த்தினார்கள். நல்லதுதான். ஆனால் இந்தச் சதவீதத்தில் நாற்பது வருஷத்துக்கு வரவேண்டிய காய் இல்லை, மூடாக்கு இல்லை, அடுத்த தலைமுறை வைக்க முடியாமல் போகிற மரம் இல்லை. இதையெல்லாம் எழுதிவிட்டு, பிறகு சாலையோரக் கேபிளின் விலையோடு ஒப்பிடுங்கள். அப்போதும் கோபுரம்தான் மலிவு என்றால் பேசலாம்.

எதிர்க்க நம் கையில் இருப்பதும் குறைவு. நிலத்தை எடுப்பதில்லை, "பயன்படுத்தும் உரிமை" மட்டும் என்று நுழைய விடுவது 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம். தந்தி சேவை 2013-லேயே நின்னுபோச்சு. 2023-ல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்து பழையதை நீக்கியபோதும், மின்பாதைக்காக அதன் மூன்றாம் பகுதியை மட்டும் விட்டு வைத்தார்கள்.

ஆகவே நண்பர்களே, நோட்டீஸ் வரும்வரை இருக்காதீர்கள். இந்த வாரமே உங்கள் மரங்களை எண்ணி எழுதுங்கள்: வகை, வயது, சுற்றளவு, காய்ப்பு. தேதியோடு போட்டோ எடுங்கள். அடங்கலில் மரங்களைப் பதியச் சொல்லி கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்தில் கொடுத்து நகல் வாங்குங்கள். காட்டு மரம் என்று எதையும் விடாதீர்கள். அளக்க வந்தால் ஆட்சேபணையை ஆட்சியருக்கு எழுத்தில் அனுப்புங்கள். இழப்பீடு போதாது என்றால் மாவட்ட நீதிபதியிடம் போக அதே பழைய சட்டத்தின் 16-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. நான் இதில் ஒன்றையும் செய்யவில்லை. எனக்குச் சொல்ல ஆளில்லை.

அந்த ஒரு ஏக்கரில் இப்போது வேர்க்கடலையும் உளுந்தும் போடுகிறேன். விளைகிறது. ஆனால் இலுப்பைக் கன்று ஒன்று தானாக முளைத்து இடுப்புயரம் வந்திருக்கிறது. அதைப் பிடுங்க இன்னும் மனசு வரவில்லை.