அந்தக் கைக்கு ஒரு வேலை கொடுங்கள்!

உங்கள் வீட்டில் பக்கவாதம் வந்து தேறியவர்கள் யாராவது இருந்தால், அந்த ரப்பர் பந்தை நிச்சயம் பார்த்திருப்பீர்கள். "தினமும் இதைப் பிடிச்சு அமுக்குங்க" என்று சொல்லித் தந்திருப்பார்கள். முதல் வாரம் ஒழுங்காக அமுக்குவார்கள். இரண்டாவது வாரம் பந்து கட்டிலுக்கு அடியில் கிடக்கும். மூன்றாவது வாரம் பேரப்பிள்ளை அதை வைத்து கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பான்!

எங்கள் வீட்டிலும் இதே கதைதான். பழநி மலை அடிவாரத்தில் இருக்கிறது எங்கள் அய்யம்பாளையம். எந்தப் பக்கம் திரும்பினாலும் தென்னந்தோப்பு. என் மாமியார் நாற்பது வருஷம் கிடுகு முடைந்தவர். பேச்சு ஒருபக்கம், பார்வை ஒருபக்கம், விரல் மட்டும் தானாக ஓடும். அந்த வலது கைதான் போன வருஷம் ஒரே காலையில் தொங்கிப்போனது. நடை திரும்பியது, பேச்சும் திரும்பியது. கை மட்டும் அடம்பிடித்தது. பந்தைக் கொடுத்தால், "நான் என்ன சின்னப் புள்ளையா, பந்து வெளையாட?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். நான் நச்சரிப்பேன். அவர் அழுவார். ஒரு மருமகள் செய்யக்கூடாத அத்தனையும் செய்தேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

பொங்கலுக்கு முன்னால் ஒருநாள் என் மகள் பள்ளிக்கூடப் போட்டிக்காக வாழ்த்து அட்டை செய்துகொண்டிருந்தாள். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி, போஸ்டர் கலரில் தொட்டு, அட்டையில் பூப்பூவாகக் குத்திக்கொண்டிருந்தாள். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தவர், திடீரென்று அந்த வலது கையை நீட்டி ஒரு துண்டை எடுத்தார். எடுத்தார் என்பதே பெரிய விஷயம்! குத்தினார். வழுக்கியது. பூ இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிவப்புக் கோடு இழுத்துவிட்டது.

"விடுங்க அத்தை, நான் செஞ்சுடறேன்" என்று சொல்லிவிட்டேன். போட்டி அட்டை வீணாகிவிட்டதே என்ற அவசரம். அவர் கையை மெல்ல முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். அந்தக் காட்சியை நான் மறக்கவே மாட்டேன்.

காப்பாற்றியது என் மகள். "அப்பத்தா, இது வால் மாதிரி இருக்கு. மயில் ஆக்கிடலாம், இன்னும் நாலு இழு" என்றாள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. முடியாத கைக்கு வெறும் பயிற்சி மட்டும் போதாது. அதற்கு ஒரு வேலை வேண்டும். யாருக்காகவாவது செய்கிற வேலையாக இருந்தால் இன்னும் நல்லது.

நான் சொல்வது வெறும் சென்டிமென்ட் இல்லை. மூளையில் எந்த இடம் எந்த உறுப்பை ஆட்டுகிறது என்று 1930களில் கனடாவின் நரம்பு அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்ட் வரைபடமே போட்டுக் காட்டினார். அதில் முதுகு, வயிறு எல்லாம் சேர்ந்து கொஞ்சூண்டு இடம்தான். கையும் முகமும் பெரும்பகுதியை வளைத்துப் போட்டிருக்கின்றன. பக்கவாதத்துக்குப் பிறகு மூளை புது வழிகளைக் கற்றுக்கொள்கிறது. அதற்கு ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். அந்த வேலைக்கு ஒரு நோக்கமும் இருந்தால் பலன் கூடுதல். முதல் சில மாதங்களில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும். அதற்காக ஆறு மாதம் போனால் கதவு சாத்திவிட்டது என்று அர்த்தமில்லை.

இன்னொன்று. பக்கவாதம் வந்த கை பல பேருக்கு இறுகிக்கொள்ளும். அவர்களுக்கு மூடுவதைவிட விரல்களை விரிப்பதுதான் கஷ்டம். பந்து மூடுவதற்கு மட்டும்தான் பழக்கும். (அதனால்தான் எல்லாருக்கும் பந்து கொடுக்கக்கூடாது. பிசியோதெரபிஸ்ட்டைக் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும்.) அச்சுக் குத்துவதோ பிடி, தூக்கு, நேராக வை, அமுக்கு, விடு என்று போகும். கடைசியில் வருகிற அந்த 'விடு'தான் தங்கம்!

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை 1976-ல் பதினோரு படுக்கைகளோடு தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமியைத் தெரியாதவர்கள் நம் பக்கத்தில் குறைவு. இளம் வயதிலேயே முடக்குவாதம் வந்து, விரல்கள் கோணி, பேனாகூடப் பிடிக்க முடியாமல் கிடந்தவர் அவர். அதே விரல்களை மெல்ல மெல்லப் பழக்கி, அறுவைக் கத்தியைப் பிடித்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் ஆபரேஷன்கள் செய்தார். அவருடைய நோய் வேறு, நம் வீட்டு நோய் வேறு. ஆனால் அந்த விரல்களுக்கு எதிரில் ஒரு வேலை காத்திருந்தது, கவனித்தீர்களா?

சரி, எப்படிச் செய்வது? கடையில் ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் கிட் எதுவும் வேண்டாம். அச்சு என்பது நமக்குப் புதிதா என்ன? அதிரசம் தட்டுகிற வீட்டில் முறுக்கு அச்சு இல்லாமல் இருக்குமா? பக்கத்து சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலைக்கு மெழுகு அச்சு குத்துகிறார்கள். வெண்டைக்காய், வாழைத்தண்டு, பாகற்காய்... குறுக்கே வெட்டினால் ஒவ்வொன்றும் ஒரு டிசைன். வெட்டியதும் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுங்கள், இல்லாவிட்டால் கலர் திட்டாகிவிடும். கத்தி வேலை மட்டும் உங்களுடையது. பிடிக்க வராத கைக்கு, அழிரப்பரில் செதுக்கிய அச்சைக் காலி மருந்து டப்பாவின் அடியில் ஒட்டிக் கொடுங்கள், பிடி பெரிதாகிவிடும். அட்டையை மேஜையில் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். முழங்கை மேஜைமேல், பாதம் தரையில். பத்து, பதினைந்து நிமிடம் போதும். தோள் வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும்.

அட்டைக்கு? பழைய கல்யாணப் பத்திரிகைகள்தான்! பின்பக்கம் காலியாக இருக்கும், காகிதமும் கெட்டி.

அத்தையின் முதல் அட்டை யாருக்கு என்று கேட்டேன். "வத்தலகுண்டு அக்காவுக்கு" என்றார். சொன்னவர் உடனே, "அவளுக்குத்தான் கண்ணு தெரியாதேம்மா... அவளுக்கு எதுக்குப் படம்?" என்று அச்சைக் கீழே வைத்துவிட்டார். பெரியம்மாவுக்கு கண் நீர் அழுத்தத்தில் பார்வை போய் நான்கு வருஷமாகிறது.

அப்போதுதான் கல்யாணப் பத்திரிகையில் தடவினால் கைக்குத் தட்டுப்படுமே, அந்த எம்போஸிங் பிள்ளையார் ஞாபகத்துக்கு வந்தார். பிரஸ்காரர்கள் உலோக டையை வைத்து அழுத்தி எடுப்பார்கள். வீட்டிலும் செய்யலாம். கெட்டி அட்டையில் படத்தை வெட்டி ஓட்டையாக்குங்கள். அதன்மேல் வாழ்த்து அட்டையைக் கவிழ்த்து வைத்து, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அந்த ஓட்டையின் விளிம்பை ஒட்டியே அழுத்திக்கொண்டு போங்கள். திருப்பினால் படம் புடைத்து நிற்கும். பின்னாலிருந்து அழுத்துவதால் இடம் வலம் மாறி வரும், எழுத்து என்றால் கவனம்! பார்வையற்றவர்களுக்கான பிரெயில் எழுத்தைக் கையால் எழுதுவதும் இப்படித்தான். பின்பக்கம் வலமிருந்து இடமாகக் குத்தி, திருப்பிப்போட்டு இடமிருந்து வலமாகத் தடவிப் படிப்பார்கள். லூயி பிரெயில் 1824-ல், பதினைந்து வயதில் உருவாக்கியது. நம் இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயில் 1951-ல் வந்தது.

பெரியம்மாவுக்குப் பிரெயில் தெரியாது. ஆனால் கரும்பு தெரியும், பானை தெரியும். பேனாவில் துணி சுற்றித் தடிமனாக்கிக் கொடுத்தேன். மூன்று நாள் எடுத்துக்கொண்டார் அத்தை. நான் வாயைத் திறக்கவே இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது!

ஒரு எச்சரிக்கை. பளபளவென்று ஜொலிக்கும் எம்போஸிங் பவுடர் விற்கிறார்கள். மைமேல் தூவி, ஹீட் கன் என்ற சூடான காற்றுக் கருவியால் உருக்க வேண்டும். முடி உலர்த்தும் டிரையர் அதற்கு உதவாது, பவுடர் பறந்துவிடும். அந்த ஹீட் கன் தோலைப் பொசுக்கக்கூடியது. பக்கவாதத்தில் உணர்ச்சி குறைந்த கை, சர்க்கரை நோயில் மரத்துப்போன விரல்... சுட்டாலே தெரியாது! அவர்கள் கையில் கொடுக்கவே கொடுக்காதீர்கள். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் அந்தப் பவுடரே வேண்டாம்.

தாய்மார்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடப் போட்டிக்குப் பிள்ளை செய்கிற அட்டையை ராத்திரி உட்கார்ந்து நீங்கள் திருத்துகிறீர்கள் அல்லவா? நானும் திருத்தியவள்தான். பிள்ளைக்குப் பரிசு கிடைக்கும், விரலுக்கு ஒன்றும் கிடைக்காது. கோடு கோணலாகவே போகட்டும்.

வாட்ஸ்அப்பில் ஒரே பானை, ஒரே கரும்பு, ஐம்பது பேரிடமிருந்து வருகிறது. யாரும் யாருக்காகவும் விரலைக்கூட மடக்கவில்லை. ஒருகாலத்தில் பொங்கலுக்கு முன்னால் பிளாட்பாரக் கடையில் நின்று, மாமாவுக்கு எது, சித்திக்கு எது என்று பொறுக்கி எடுத்தோமே! அந்தக் கடைகள் திரும்பி வரப்போவதில்லை. அதைப் பற்றிப் புலம்ப நான் வரவில்லை.

அத்தையின் கை முழுசாகச் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். தலை வார இன்னும் நான்தான் வேண்டும். கிடுகு முடைகிற கை இனி வராது என்று அவருக்கே தெரியும். ஆனால் சட்டைப் பொத்தானைப் போடுகிறார், டம்ளரைப் பிடிக்கிறார், பிடித்ததை விடுகிறார். மருத்துவமனைப் பயிற்சியும் நிற்கவில்லை. இப்போது சண்டை போடாமல் செய்கிறார், அவ்வளவுதான்.

பொங்கலுக்கு மறுநாள் வத்தலகுண்டிலிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன். "ஏன்டி, கரும்பைத் தடவிப் பாத்தேன், இம்புட்டுக் கோணலா இருக்கு?" என்றார் பெரியம்மா. "நீயே செஞ்சியா, இல்ல உம் மருமக செஞ்சாளா?"

"நாந்தான்க்கா" என்றார் அத்தை. "அடுத்த வருஷம் நேரா வரும்."

மை தீர்ந்த பேனா எதையும் இப்போது எங்கள் வீட்டில் தூக்கிப்போட விடுவதில்லை.