ஊழும் தறியும்

திரையனேரி என்னும் பழம்பெயர் கொண்ட தென்னேரியின் கரைமேல் நின்று பாருங்கள். மழை பெய்வதும் பொய்ப்பதும் மாந்தன் கையில் இல்லை. ஆயினும் நம் முன்னோர், 'எல்லாம் தலையெழுத்து' என்று கைகட்டி இருந்தாரில்லை. மண் சுமந்து கரையெழுப்பி நீரைத் தேக்கினர். அவர்தம் உலகநோக்கே ஏரியாயிற்று.

அந்நோக்கு, அண்மையிலுள்ள காஞ்சியின் பட்டுத்தறி முன்னே மங்கியது ஏன்?

கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நிறம். கரைக்கு வேறொரு நிறம். நெய்பவரின் பக்கத்தில் இன்னொருவர் அமர்ந்து கரைநாடாவைச் செலுத்த வேண்டும். அவ்விடத்தில் நெடுங்காலம் அமர்த்தப்பட்டவர் சிறுவர். பெற்றோர் வாங்கிய முன்பணத்திற்கு ஈடாகப் பிள்ளைகள் தறியில் கட்டுண்டு கிடந்ததை, 2003-இல் மாந்த உரிமைக் கண்காணிப்பகத்தின் அறிக்கை உலகறியச் செய்தது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்ததோ 1976-இல்!

செயல் ஒன்று, நோக்கு மூன்று. கடன் கொடுத்தவர், 'பிழைப்புத் தந்தேன்' என்று கருதினார். பெற்றவர், 'எம் தலையில் எழுதியது இதுவே' என்று அடங்கினார். வாங்கி உடுத்தவர் கரையின் அழகையே கண்டார். மூவருள் ஒருவரும் தம்மைத் தீயவரென்று எண்ணவில்லை. அஞ்சத்தக்கது இதுவன்றோ?

'கைத்தொழிலை இளமையிலேயே பழக்க வேண்டும்' என்பாரும் உளர். கற்பது வேறு, கடனுக்கு ஈடாவது வேறு.

14 அகவைக்குட்பட்டோரை வேலைக்கு அமர்த்துவதைத் தடுத்த 2016-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம், பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் துணைசெய்ய இடம் விட்டது. வீட்டுத் தறியின் அருகில் எந்த அலுவலர் நாள்தோறும் நிற்பார்? துணை எங்கே முடிகிறது, சுமை எங்கே தொடங்குகிறது என்பதை அங்கே வரையறுப்பது பெற்றோரின் உலகநோக்கே. சட்டம் வாயிலோடு நின்றுவிடுகிறது.

ஊழுக்குப் பத்துக் குறள் தந்த வள்ளுவரே ஆள்வினையுடைமைக்கும் பத்துக் குறள் தந்தார். முன்னதை மட்டும் பற்றுவோர் வள்ளுவத்தைப் பாதியே அறிந்தவராவர். பிறப்பால் தொழில் வகுக்கும் வருணக் கோட்பாட்டை ஊழென்று மயங்கியதே நாம் உற்ற கேடு.

நெசவுத் தோழரே! பாவில் ஓர் இழை அறுந்தால், 'அதன் ஊழ்' என்று விட்டுவிடுகிறீர்களா? விரல்நுனியால் முடிந்தன்றோ மேலே நெய்கிறீர்கள்! அவ்விழைக்குக் காட்டும் அக்கறையைப் பிள்ளையின் கல்விக்கும் காட்டுங்கள். பட்டு வாங்கும் தமிழரே! கரைநாடாவை ஓட்டிய கை எவருடையதென்று கேட்டு வாங்குங்கள். ஏரி கண்ட இனத்திற்கு இஃது அரிய செயலன்று.