பொம்மைக் காரைச் செய்தவர் யார்?

மட்டாஞ்சேரியின் ஜூ டவுனில் பழம்பொருள் கடைகள் வரிசையாக உள்ளன. மிளகும் இஞ்சியும் கைமாறிய தெருக்களில் இன்று பழைய காலமே விற்பனைப் பொருள். பழைய பொம்மைக் காரும், அது உருவாகும் முறையை விளக்கும் பழைய ஆங்கிலச் சிறுவர் படநூலும் இத்தகைய சந்தைக்கே உரியவை. இரண்டுக்கும் நல்ல விலை உண்டு. காரைச் செய்த தொழிலாளரின் பெயர் மட்டும் இரண்டிலும் இராது.

அவ்வகை நூல்களின் சிறப்பை மறுப்பதற்கில்லை. மர மாதிரி பெரிதாகச் செதுக்கப்படுகிறது. அதன் வடிவம் சிறிதாக்கப்பட்டு எஃகு அச்சில் குடையப்படுகிறது. உருகிய துத்தநாகக் கலப்புலோகம் அச்சுக்குள் அழுத்தத்துடன் செலுத்தப்படுகிறது. பிசிறு நீக்கப்பட்டு, வண்ணம் பூசப்பட்டு, சக்கரம் பொருத்தப்படுகிறது. பொம்மை வானத்திலிருந்து விழுவதில்லை என்று குழந்தைக்கு நேர்மையாகக் கூறுவது நற்பணியே. ஆயினும் இவ்விளக்கம் பெரும்பாலும் செயப்பாட்டு வினையிலேயே நடக்கிறது. செயல் தெரிகிறது, செய்பவர் தெரிவதில்லை.

லண்டனில் லெஸ்னி நிறுவனம் தயாரித்த 'மேட்ச்பாக்ஸ்' கார்களின் வரலாறு இதற்குத் தக்க சான்று. தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையை மட்டுமே பள்ளிக்குக் கொண்டுவரலாம் என்ற விதியால், ஜாக் ஓடெல் தம் மகளுக்குச் சிறியதொரு பித்தளை ரோடு ரோலர் செய்து கொடுத்த கதை எங்கும் சொல்லப்படுகிறது. கிழக்கு லண்டன் ஆலையில் வரிசையாக அமர்ந்து பாகங்களைப் பொருத்திய பெண்களின் கதை அந்த அளவுக்குச் சொல்லப்படுவதில்லை. இந்தியக் கதையும் இவ்வாறே. பிரிட்டனின் 'டிங்கி' கார்களுக்குரிய பழைய அச்சுகள் 1960களின் இறுதியில் கல்கத்தாவுக்கு வந்தன. அவற்றில் 'நிக்கி' என்ற பெயரில் கார்கள் வார்க்கப்பட்டன. சேகரிப்பாளர்கள் அந்த அச்சுகளின் வரலாற்றை நுணுக்கமாக அறிவர். அச்சின் முன் நின்று வார்த்தவரைப் பற்றிய பேச்சு அரிது.

1953ஆம் ஆண்டை மட்டாஞ்சேரியிலிருந்து நோக்கினால் இவ்விடைவெளி மேலும் துலங்கும். இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு விழாவையொட்டி லெஸ்னி வெளியிட்ட சிறிய அரச ரதம் அவ்வாண்டு பெருவெற்றி பெற்று, பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று, மட்டாஞ்சேரியில் போராடிய துறைமுகத் தொழிலாளர் மீது போலீசார் சுட்டனர், தொழிலாளர் உயிரிழந்தனர். அவர்கள் எதிர்த்தது 'சாப்பா' முறையை. வேலை தேடி நிற்கும் கூட்டத்தின் நடுவே உலோக வில்லைகள் வீசப்படும். முட்டிமோதிக் கைப்பற்றியவருக்கே அன்றைய வேலை, அன்றைய கூலி. ஓரிடத்தில் குழந்தையின் கைக்கு விளையாட்டாக வந்த உலோகத் துண்டு, மற்றோரிடத்தில் தந்தையின் கைக்குச் சோறாக வந்தது. இப்போராட்டம் 'துறமுகம்' என்ற மலையாளத் திரைப்படமாக 2023இல் வெளிவந்தது. சிறுவர் நூலுக்கும் அது உரிய பொருளே.

உழைப்பின் துயரம் குழந்தைக்கு எதற்கு என்று கேட்பார் உளர். சிவகாசித் தீப்பெட்டித் தொழிலில் குழந்தைகளின் விரல்களே உழைத்த காலம் நெடியது. அவ்வட்டாரத்துக் குழந்தை உழைப்பு குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் விரிவான தீர்ப்பு வந்தது 1996இல்தான். உழைக்கும் வயது வந்துவிட்டதாகக் கருதப்பட்ட குழந்தைக்கு, உழைப்பைப் பற்றி வாசிக்கும் வயது வரவில்லை என்பது பொருந்தாத வாதம். மேலும், உழைப்பு என்பது துயரம் மட்டுமன்று. உருகிய உலோகத்தின் பதமறிந்த கண்ணும் சிறு சக்கரத்தைப் பிசகாமல் பொருத்தும் விரலும் குழந்தையை வியக்க வைக்கும்.

தமிழில் இனி எழுதப்படும் இவ்வகை நூல்கள் பழைய ஆங்கில நூல்களின் தெளிவைத் தயங்காமல் கைக்கொள்ளலாம். ஆனால் 'எப்படிச் செய்யப்படுகிறது' என்று தொடங்காமல், 'யார், எப்படிச் செய்கிறார்கள்' என்று தொடங்க வேண்டும். எத்தனை மணி நேரம், என்ன கூலிக்கு என்பதையும் அதே பக்கத்தில் சொல்ல வேண்டும்.