தூங்காதவருக்கா சான்றிதழ்?

ஆயிரம் மைல், 24 மணி நேரம். அமெரிக்காவின் 'அயர்ன் பட் அசோசியேஷன்' வழங்கும் 'சாடில்சோர் 1000' சான்றிதழுக்கு இதுதான் கணக்கு. கிலோமீட்டரில் ஏறக்குறைய 1,610. சென்னையில் கிளம்பி, கன்னியாகுமரியில் கடலை எட்டிப் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பினாலும் 1,400தான் தேறும். மீதி இருநூறு கிலோமீட்டருக்கு இன்னும் எங்கேயாவது வண்டியை விரட்ட வேண்டும்.

இதில் பந்தயம் கிடையாது, பரிசுப் பணமும் கிடையாது. புறப்பட்ட இடத்தில் ஒரு பெட்ரோல் பில், வழியில் நிறுத்திய ஒவ்வொரு பங்க்கிலும் ஒரு பில், முடித்த இடத்தில் ஒரு பில். ஒவ்வொன்றிலும் நேரமும் ஊரும் அச்சாகியிருக்க வேண்டும்; ஓடோமீட்டர் எண்ணைக் குறித்துவைக்க வேண்டும். எல்லாம் சரிபார்க்கப்பட்ட பிறகு ஒரு தாள் வரும். அந்தத் தாளுக்காக இந்தியாவிலும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டரைத் தூக்கமில்லாமல் ஓட்டும் இளைஞர்கள் இருக்கிறார்கள். சான்றிதழ் பற்றிய நினைப்பே இல்லாமல், 'ஒரே மூச்சில் குமரி' என்று கிளம்புகிறவர்கள் அவர்களைவிட அதிகம். நடிகர் அஜித்குமாரின் நெடும்பயணப் படங்கள் வெளிவரத் தொடங்கிய பிறகு இந்த ஆசைக்குத் தமிழ்நாட்டில் தனி மவுசு.

தெற்கே போகும் இந்த வண்டிகளில் பெரும்பாலானவை பெரம்பலூர் மாவட்டத்தைக் கடந்துதான் ஆக வேண்டும். பழைய 45ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. இப்போது எண் 38. திருமாந்துறை சுங்கச்சாவடியில் இருசக்கர வாகனங்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் ஓரத்து வழியில் நிற்காமல் நழுவி, ரஞ்சன்குடிக் கோட்டை, வாலிகண்டபுரம், சிறுவாச்சூர், நாரணமங்கலம் டயர் ஆலை என்று வரிசையாகப் பின்னுக்குத் தள்ளிவிட்டுப் பறக்கும். நள்ளிரவு தாண்டிச் சென்னையில் கிளம்பியவர் இங்கே வந்து சேர்வது விடியற்காலையில். சாலைக்கு மேற்கே வீடும் கிழக்கே வயலுமாக இருக்கிறவர்கள் டி.வி.எஸ். எக்ஸ்எல்லில் பால் கேனைக் கட்டிக்கொண்டு சென்டர் மீடியன் இடைவெளியில் காத்து நிற்கும் நேரமும் அதுதான். சிலர் அடுத்த திருப்பம் வரை போகச் சோம்பல்பட்டு எதிர்த்திசையிலேயே வருவார்கள். அது தவறுதான். ஆனால் விழித்திருக்கும் கண்ணுக்கு அந்தத் தவறு தெரியும், சொக்கும் கண்ணுக்குத் தெரியாது.

சொக்குமா என்று கேட்பவர்கள் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 2018 ஏப்ரலில் ஒன்றிய அரசு வெளியிட்ட அறிவிக்கையின்படி நான்குவழிச் சாலையில் மோட்டார் சைக்கிளுக்கு உச்ச வேகம் 80 கி.மீ. ஒரு நொடிகூடக் குறையாமல் எண்பதிலேயே ஓட்டினாலும் 1,610 கிலோமீட்டருக்கு 20 மணி நேரத்துக்கு மேல் ஆகும். மிச்சம் நான்கு மணி நேரம்கூட இல்லை. அதற்குள் நான்கைந்து முறை பெட்ரோல், சாப்பாடு, தண்ணீர், ஒன்றுக்கு, செயினுக்கு எண்ணெய். விழுப்புரத்திலும் மதுரை ஓரத்திலும் எண்பதில் போக முடியாது என்பது வேறு. ஆக, சட்டப்படி ஓட்டுகிறவருக்குத் தூக்கம் கிடையாது. தூங்க நினைப்பவர் சட்டத்தை மீற வேண்டும். நடைமுறையில் பலர் தூங்குவதும் இல்லை, சட்டத்தையும் மீறுகிறார்கள்.

தூக்கமின்மையை மனவலிமையால் வெல்லலாம் என்ற நம்பிக்கை ரைடர்களிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் டாசன், ரீட் இருவரும் 1997இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்கு இறங்குகிறது. 24 மணி நேரமானால் ஏறத்தாழ 0.10 சதவீதம். இந்தியாவில் வண்டி ஓட்டுகிறவருக்குச் சட்டம் விட்டுக்கொடுப்பது 0.03 சதவீதம்தான். ஒரு சொட்டும் குடிக்காமல் அந்த வரம்பைப் போல மூன்று மடங்கு போதையில் இருப்பவரை எந்தப் போலீஸ்காரரும் ஊதச் சொல்லிக் கண்டுபிடிக்க முடியாது. எண்பது கிலோமீட்டர் வேகத்தில் நான்கு நொடி கண் அயர்ந்தால் வண்டி தன்பாட்டுக்கு 89 மீட்டர் போயிருக்கும்.

விசித்திரம் என்னவென்றால், அதே சாலையில் அரியலூர் சிமென்ட்டை ஏற்றிக்கொண்டு போகும் லாரி ஓட்டுநருக்கு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே வரம்பு வைத்தது. அது எந்த லட்சணத்தில் நடக்கிறது என்பது நெடுஞ்சாலை டீக்கடைகளுக்குத் தெரியும். ஏட்டிலாவது வரம்பு உண்டு. சொந்த பைக்கில் சொந்த ஆசைக்கு ஓட்டுகிறவருக்கு அதுவும் இல்லை.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தை விலக்கிவிட வேண்டும். 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே முன்சக்கரத்தைத் தூக்கிக் காட்டப்போய் விழுந்த யூடியூபரின் ஓட்டுநர் உரிமம் பத்தாண்டுக்கு ரத்தானது. பைக் என்றாலே அந்தக் காட்சிதான் பலருக்கு நினைவில் நிற்கிறது. நெடுந்தூர ரைடர்கள் அந்த ரகம் அல்ல. டயரில் காற்றை அளந்து, காதில் பஞ்சுபோல் அடைப்பான் வைத்து, பரோட்டாவைத் தவிர்த்து, உப்புச்சர்க்கரைக் கரைசலோடு புறப்படுகிற ஒழுங்கானவர்கள். அயர்ன் பட் அமைப்பும் களைத்தால் நிறுத்து என்றுதான் அறிவுறுத்துகிறது. வண்டியோரம் அலாரம் வைத்துக் குட்டித்தூக்கம் போடுவதற்கு 'அயர்ன் பட் மோட்டல்' என்று அவர்களிடம் செல்லப்பெயரே உண்டு. ஆனால் அமெரிக்க நெடுஞ்சாலையின் ஓய்விடத்தில் பெஞ்சில் படுப்பதும், பின்விளக்கு எரியாத லாரிகள் நிற்கும் நம் சாலையோரத்தில் படுப்பதும் ஒன்றல்ல. கட்டுப்பாடு நிறைந்த இவர்களைக் கெடுப்பது வீம்பு அல்ல, அந்த 24 என்ற எண்.

மாற்று வழியைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். நெடுந்தூர சைக்கிள்காரர்களிடம் அது இருக்கிறது. பாரிஸ் ஆடாக்ஸ் கிளப்பின் விதிப்படி இந்தியாவில் 'ஆடாக்ஸ் இந்தியா ரேண்டனர்ஸ்' நடத்தும் பயணங்களில் 200 கி.மீ.க்கு பதின்மூன்றரை மணி நேரம், 600 கி.மீ.க்கு 40 மணி நேரம் அவகாசம். தாமதமாக வந்தால் சோதனைச் சாவடி மூடியிருக்கும். ரொம்பச் சீக்கிரம் வந்தால் இன்னும் திறந்திருக்காது! 200ஆவது கிலோமீட்டர் சாவடி 5 மணி 53 நிமிடத்துக்கு முன்னால் திறக்காது; அதற்கு முன் வந்தவர் நின்று காத்திருக்க வேண்டியதுதான். முந்தி வருவதில் லாபமே இல்லாதபடி வகுத்த விதி இது. பைக் கிளப்புகள் இதைக் கூச்சமில்லாமல் கடன் வாங்கலாம்.

உதாரணமாக, 1,600 கி.மீ.யை 48 மணி நேரம் ஆக்கலாம். இரண்டு இரவும் பதினொன்று முதல் ஐந்து வரை வண்டி அசையக் கூடாது. பெட்ரோல் பில்லோடு லாட்ஜ் பில்லும் வைத்தால்தான் சான்றிதழ். அப்போதும் சாலையில் 36 மணி நேரம் கிடைக்கும்; சராசரி 45 கி.மீ.கூடத் தேவையில்லை. 'இதில் என்ன சாதனை இருக்கிறது' என்று கேட்பார்கள். முதல் நாள் முழுக்க ஓட்டி இடுப்பு கழன்ற பிறகு, மறுநாள் காலை ஐந்தரைக்கு மறுபடி ஏறி உட்கார்ந்து பார்த்தவர் அப்படிக் கேட்கமாட்டார். விசாகப்பட்டினத்துக்காரர் பரத்வாஜ் தயாளா 2006இல் ஒரு கரிஸ்மா பைக்கில் உலகத்தைச் சுற்றக் கிளம்பி, திரும்பிவர ஏறக்குறைய ஒன்றரை வருடம் ஆனது. அவரை யாரும் மெதுவானவர் என்று சொல்லவில்லை.

அவகாசம் இருந்தால் சாலையை விட்டு இறங்கவும் தோன்றும். பெரம்பலூரைக் கடக்கிறவர்களில் எத்தனை பேருக்கு, கொஞ்ச தூரத்தில் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிப்போன மரம் ஒன்று, சுமார் 12 கோடி ஆண்டு வயதோடு கிடக்கிறது என்று தெரியும்? அரியலூர்ப் பக்கம் திரும்பினால் கங்கைகொண்ட சோழபுரம். அந்தச் சாலையில் சுண்ணாம்புக்கல் லாரிகள் அதிகம் என்பதால் பகலில் போவதே உத்தமம்.

ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கையின்படி நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 உயிர்கள். இவற்றில் தூக்கக் கலக்கத்தின் பங்கைப் பிரித்தறிய முதல் தகவல் அறிக்கை உதவாது. 'அதிவேகம், கவனக்குறைவு' என்றே அதில் எழுதி முடித்துவிடுகிறார்கள். நெடுஞ்சாலை ஆணையமும் லாரிகளுக்கு ஓய்விடம் யோசிக்கும் அளவுக்கு பைக் ஓட்டுகிறவரை யோசிப்பதில்லை. சுங்கச்சாவடி ஓரம் கூரை போட்ட நாலு பெஞ்சும், விளக்கும், கழிப்பறையும் பெரிய செலவில்லை. அதற்காகக் கிளப்புகள் காத்திருக்கவும் வேண்டாம். சென்னைக்கும் குமரிக்கும் நடுவில் முதல் இரவுக்கு ஏற்ற ஊர்களில் பெரம்பலூரும் ஒன்று. இங்கே அறை கிடைக்கும். அடுத்த பொங்கல் விடுமுறைக்கே ஏதாவது ஒரு கிளப் லாட்ஜ் பில் கேட்டுப் பார்க்கட்டும்.